சாய்தளம் என்ன செய்யும்?

கூட்ட அறைக்குள் காலை வைத்த ஆர்க்கிடெக்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். இரண்டு வருடமாக அவர் கையில் வளர்ந்த கட்டடம் நான்கு சுவர்களிலும் ஒட்டப்பட்டிருந்தது. தரைத்தளம் ஜன்னலோரம், முதல் தளம் கதவுக்குப் பக்கத்தில், மூன்றாம் தளம் பலகைக்கு மேலே. மூன்றாம் தளத்தின் ஒரு மூலை மட்டும் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதற்காக ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பென்சிலைக் கொண்டைக்குள் செருகியிருந்தார்.

"சார், அந்த டேப்பைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன். இல்லன்னா உங்க மேல்மாடி விழுந்துடும்."

எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அது யார் என்று உறைத்தது. கழுத்தை அறுக்க வந்தவருக்குக் கத்தியைத் துடைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கட்டட வட்டாரத்தில் அந்த அம்மாளுக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பெயர் தெரியாத ஆள் கிடையாது. செலவு கைமீறிப் போன வேலைகளுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். வந்து ஐந்து நாள் உட்காருவார். அவர் போன பிறகு கட்டடம் இளைத்திருக்கும். அவருடைய அட்டையில் 'மதிப்புப் பொறியியல்' என்று அச்சடித்திருந்தது. கட்டடத்தின் தூணுக்கும் உத்தரத்துக்கும் கணக்குப் போடும் என்ஜினீயர், ஆர்க்கிடெக்டின் பழைய நண்பர், அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "கசாப்புக் கடைக்குப் பூக்கடைன்னு போர்டு மாட்டியிருக்காங்க" என்று போன வாரமே சொல்லிச் சிரித்திருந்தார்.

இந்த வேலையிலும் செலவு கைமீறித்தான் போயிருந்தது. விபத்தில் காலை இழந்தவர்கள், முதுகெலும்பு உடைந்தவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள் மறுபடி எழுந்து நடமாடப் பழகுவதற்கான மருத்துவமனை அது. பழைய கட்டடத்தில் இடம் போதாமல் வராந்தாவிலெல்லாம் கட்டில் போட்டிருந்தார்கள். புதுக் கட்டடத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் கேட்ட தொகையோ கையில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மருத்துவமனைச் செயலர் அதிர்ந்து பேசாத மனிதர். அவரே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் மூன்றாம் தளம் கிடையாது. மூன்றாம் தளம் என்றால் நாற்பது படுக்கைகள்.

ஆர்க்கிடெக்டுக்கு நாற்பது படுக்கைகளைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று உள்ளுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கட்டடத்தின் நட்டநடுவில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றாம் தளம்வரை சங்குபோலச் சுழன்று ஏறும் ஒரு சாய்தளம் வரைந்திருந்தார். அந்தச் சுருள் அவர் மனதில் விழுந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. முதலில் ஒரு தங்கும் விடுதிக்கு வரைந்தார். முதலாளி ஒரே கோட்டில் அடித்துவிட்டார். பிறகு ஒரு நூலகத்துக்கு வரைந்தார். அங்கே குழு போட்டு அடித்தார்கள். இப்போது வயது ஐம்பத்தெட்டு. இதிலும் போனால் இனி எங்கே போய் வரைவது? கத்திரிக்கோல் முதலில் கைவைக்கப்போவது அதில்தான் என்று அவருக்குத் திடமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, கேட்கப்போகிற கேள்விகளையும் கொடுக்கப்போகிற பதில்களையும் எழுதி வைத்திருந்தார்.

அதில் ஒரு கேள்விகூட வரவில்லை. கத்திரிக்கோல் விலைப்பட்டியலைத் திறக்கவே இல்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் மஞ்சள் துண்டுச் சீட்டுகளை மேசைமேல் பரப்பினார். செயலர், தலைமை நர்ஸ், நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், என்ஜினீயர் நண்பர், குழாய் வேலைக்கும் மின்வேலைக்கும் பொறுப்பானவர்கள் என்று மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள்.

"விலையை அப்புறம் பார்ப்போம். இன்னைக்கு ஒரே கேள்விதான். இது என்னன்னு கேக்க மாட்டேன், இது என்ன செய்யுதுன்னு கேப்பேன். ரெண்டே வார்த்தையில சொல்லணும். கதவு?"

"வழி விடும்" என்றார் என்ஜினீயர், பரீட்சையில் முந்துகிற பையன் மாதிரி.

"வழி விடுறது ஓட்டை சார். கதவு?"

என்ஜினீயர் திருத்திக்கொண்டார். "வழி அடைக்கும்."

"அது." சீட்டில் எழுதி வரைபடத்தில் இருந்த கதவின்மேல் ஒட்டினார். "அப்ப இந்தக் கட்டடத்துல எங்கெல்லாம் வழி அடைக்கத் தேவையே இல்லையோ அங்கெல்லாம் கதவு சும்மா நிக்குது. அதை அப்புறம் எண்ணுவோம்."

இப்படியே நகர்ந்தது. பொய்க்கூரை குழாயை மறைக்கும். கீழ்த்தளத்துக்கும் கீழே தோண்டவிருந்த வண்டி நிறுத்துமிடம் வண்டியைத் தாங்கும். வண்டியை வெறும் தரையும் தாங்கும் என்று தலைமை நர்ஸ் சொன்னபோது அறையில் ஒரு சலசலப்பு. முகப்பு முழுவதும் பதிக்கவிருந்த பளிங்குக் கல்லுக்கு யாருக்கும் வார்த்தை வரவில்லை. செயலர்தான் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெருமை காட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கத்திரிக்கோல் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "அதுவும் ஒரு வேலைதான் சார். என்ன விலைக்குங்கிறதுதான் கேள்வி."

பிற்பகல் மூன்று மணிக்கு சாய்தளத்துக்கு வந்தார்கள். ஆர்க்கிடெக்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது இந்தக் கட்டடத்தோட உயிரும்மா."

"இருக்கலாம் சார். உயிர்னே வெச்சுக்குவோம். அது என்ன செய்யும்?"

"ஆளை மேல ஏத்தும்."

"ஆளை ஏத்தும்." எழுதினார். "லிஃப்டுக்கும் இதேதான் எழுதியிருக்கோம். ரெண்டு பேருக்கும் ஒரே வேலைன்னா அதுல ஒருத்தர் சம்பளத்தை வாங்கிட்டுத் தூங்குறார்னு அர்த்தம். இது வேற ஏதாவது செய்யுதா சார்?"

வெளிச்சம் எப்படி விழும், உள்ளே வருகிறவன் எப்படி அண்ணாந்து பார்ப்பான் என்றெல்லாம் ஆர்க்கிடெக்ட் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். அதில் எதுவும் இரண்டு வார்த்தைக்குள் அடங்கவில்லை. மற்றவர்கள் மரியாதைக்காகத் தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்திரிக்கோல் அவரை நெருக்கவில்லை. எதுவும் எழுதாத சீட்டு ஒன்றைச் சுருளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். "தெரியாததைத் தெரியாதுன்னு வெச்சுக்கலாம் சார். அவசரமில்ல." சாயங்காலம்வரை அந்த வெற்றுச்சீட்டு மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது. ஆர்க்கிடெக்ட் வேறு எதையும் பார்க்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அறுத்துட்டாங்களா?"

"அறுத்திருந்தாக்கூடப் பரவாயில்ல. கேள்வி கேட்டுட்டு விட்டுட்டாங்க."

"என்ன கேள்வி?"

சொன்னார். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "நியாயமான கேள்வியாத்தானே இருக்கு."

"நீ யார் பக்கம் பேசுற?"

"கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பக்கந்தான். அதனாலதான் இத்தனை வருஷமா நான் கேக்காம விட்டுட்டேன்."

கத்திரிக்கோல்மேல் அவருக்கு இருந்த கோபத்தில் பாதி இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கத்திரிக்கோல் எல்லோரையும் பழைய மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார். ஆர்க்கிடெக்ட் அங்கே முன்பு நான்கு தடவை போயிருக்கிறார். நான்கு தடவையும் செயலரின் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அறைகளின் அளவைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். இந்த அம்மாள் அறைகளின் அளவைக் கேட்கவில்லை. பயிற்சிக்கூடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். பெரிய கூடம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, நடுவில் இரண்டு கைக்கும் பிடித்துக்கொண்டு நடக்கிற இணைக்கம்பிகள். பட்டியலில் முப்பத்தொரு பேருக்குக் காலைப் பயிற்சி என்று எழுதியிருந்தது. கூடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"மத்தவங்க?" என்றார் பிசியோதெரபிஸ்டிடம்.

அந்த இளைஞர் கூச்சத்தோடு பின்பக்கம் கையைக் காட்டினார். "நாங்க திட்டிட்டேதான் இருக்கோம் மேடம். கேக்க மாட்டேங்கறாங்க."

பின்பக்கம் சமையல்கட்டுக்குச் சாப்பாட்டு வண்டிகள் ஏறுவதற்காகச் சிமென்டில் நீளமாக ஒரு சரிவு போட்டிருந்தார்கள். கைப்பிடிகூட ஒரு பக்கம்தான். அதில் எறும்புச் சாரி மாதிரி ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஊன்றுகோல், நடைச்சட்டம், புதுசாக மாட்டிய செயற்கைக்கால். ஒரு சாப்பாட்டு வண்டிக்காரர் கீழே நின்று, "வழி விடுங்கப்பா, சாதம் ஆறுது" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் அசைவதாக இல்லை.

வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த லாரி டிரைவர் ஒருவர் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றிருந்தார். கத்திரிக்கோல் அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உள்ள நல்ல வழவழன்னு தரை போட்டுக் கம்பியெல்லாம் வெச்சிருக்காங்களே அண்ணே. ஏன் இங்க வர்றீங்க?"

"கம்பி இருபதடிங்க. முடிஞ்சதும் திரும்பணும். திரும்பி வந்தா கிளம்பின இடத்துலயே நிக்கிறேன். எதிர்ல கண்ணாடி வேற, என் மூஞ்சியவே எத்தனை நேரம் பாக்குறது? இங்கன்னா மேல போனா ஒரு டீயாவது கிடைக்கும்."

பிசியோதெரபிஸ்ட் இடைமறித்தார். "அது வாஸ்தவந்தான் மேடம். சும்மா நடன்னா யாரும் நடக்க மாட்டாங்க. எங்கயாவது போய்ச் சேரணும்."

"அட, ஆஸ்பத்திரில நின்னுக்கிட்டு வாயில என்னா வார்த்தை வருது பாரு தம்பிக்கு" என்றார் டிரைவர். சரிவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் ஒருவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிசியோதெரபிஸ்ட் காதுவரை சிவந்துபோனார்.

கத்திரிக்கோல் தோள்பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினார். எழுதியதை ஆர்க்கிடெக்டிடம் நீட்டினார். 'நடக்கப் பழக்கும்.'

தன் சுருள் பிழைத்துவிட்டது என்று ஆர்க்கிடெக்ட் நினைத்தார். அது அவர் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னும் சந்தோஷப்படாதீங்க சார். சாய்தளம் நடக்கப் பழக்கும்னு தெரிஞ்சுபோச்சு. சுருள் பழக்குமான்னு தெரியாது."

"கட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"கட்டிப் பார்ப்போம்" என்றார் அந்த அம்மாள், கடைக்குப் போய்வரலாம் என்கிற மாதிரி.

மறுநாள் காலை பழைய மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒட்டுப்பலகையால் சுருளின் கால் பங்கு நின்றது. தச்சர் இரவோடு இரவாக வேலை செய்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. வரைபடத்தில் இருந்த அதே அகலம், அதே வளைவு, அதே ஏற்றம். தாளில் சுண்டுவிரல் அளவு இருந்தது இப்படி ஆளுயரத்துக்கு எழுந்து நிற்பதைப் பார்த்ததும் ஆர்க்கிடெக்டுக்குக் கண் கலங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் இப்போதுதான் அதை முதல்முறையாகக் கையால் தொடுகிறார். பலகையில் இன்னும் மரத்தூள் ஒட்டியிருந்தது.

முதுகு உடைந்து மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் தையல்காரப் பெண் ஒருத்தி முதலில் ஏறினாள். பழகிய கை. ஆறடி ஏறியதும் நாற்காலி தானாக உட்பக்கம் திரும்பி, வளைவின் உட்சுவரில் போய் இடித்தது. பின்னால் வந்து மறுபடி ஏறினாள். மறுபடி இடித்தது. மூன்றாம் தடவை நிறுத்திவிட்டு, குற்றம் தன்னுடையது என்பதுபோல, "என்னை உள்ளுக்கு இழுக்குதுங்க. ஒரு கையால தள்ளி இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டே போக வேண்டியிருக்கு" என்றாள்.

"நான் ஏறிப் பாக்குறேன்" என்றார் ஆர்க்கிடெக்ட்.

யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினார். பத்தடிக்குள் இடது தோள் கனலாக எரிந்தது. வளைவின் உள்விளிம்பு குட்டை, வெளிவிளிம்பு நீளம்; ஏறுகிற உயரம் இரண்டுக்கும் ஒன்று. ஆகவே உட்பக்கம் செங்குத்து அதிகம், நாற்காலி அந்தப் பக்கம் சரியத்தான் செய்யும். இது அவருக்குத் தெரியாத கணக்கில்லை. தாளில் எத்தனையோ தடவை போட்ட கணக்குத்தான். அது தோளில் வந்து இப்படி உட்காரும் என்று மட்டும் தெரியாது. உள்ளங்கை உரிந்திருந்தது. இறங்கி, தையல்காரப் பெண்ணிடம் நாற்காலியை ஒப்படைத்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். பிறகு தச்சரிடம் போய், "நேரா ஒண்ணு செய்யணும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏத்தம்" என்று சொல்லிவிட்டு, தன் காரின் பின்னிருக்கையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கத்திரிக்கோல் இரண்டு கையிலும் டீயோடு வந்து, முழங்கையால் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது ஒழுங்கா நின்னிருந்தா வெள்ளிக்கிழமை அதுக்காக நான் சண்டை போட்டிருப்பேன் சார்."

அவருக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

"எனக்கு இந்தக் கேள்வி கேக்குற புத்தி பொறக்கும்போதே வந்துடல" என்றார் அந்த அம்மாள், டீயை ஊதிக்கொண்டே. "பதினெட்டு வருஷம் முன்னாடி ஒரு பள்ளிக்கூடம். பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டுக் கடகடன்னு வெட்டினேன். பொண்ணுங்க கழிப்பறைக்கு முன்னாடி ஒரு குட்டைச்சுவர். கூரையைத் தாங்கல, ஒண்ணையும் தாங்கல. எதுக்குன்னு எடுத்துட்டேன். எல்லாரும் பாராட்டினாங்க. ஒரு வருஷம் கழிச்சு வேற வேலையா அங்க போனப்ப, எந்தப் பொண்ணும் அந்தப் பக்கமே போறதில்லன்னாங்க. காலையில வீட்டுலேர்ந்து தண்ணிகூடக் குடிக்காம வருதுங்களாம். கதவைத் திறந்தா மைதானம் முழுக்கத் தெரியும் சார். அந்தச் சுவர் என்ன செஞ்சுதுன்னு நான் ஒருத்தரையும் கேக்கல."

ஆர்க்கிடெக்ட் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? என் சம்பளத்துல கட்டிக் குடுத்தேன். ஆனா அந்த ஒரு வருஷத்தை யார் குடுக்கிறது?" கதவைத் திறந்து இறங்கினார். "வாங்க சார், தச்சர் காத்துட்டிருக்கார்."

வியாழக்கிழமை ஆர்க்கிடெக்ட் வேலை செய்ததுபோல் வேலை செய்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சாய்தளத்தைக் கட்டடத்தின் நடுவிலிருந்து பிடுங்கிக் கிழக்குச் சுவரோரம் வைத்தார். அது நேராக ஏறி, மேடையில் நின்று, மடங்கி, மறுபடி ஏறியது. ஒவ்வொரு மேடையிலும் உட்கார ஒரு பெஞ்சு, தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல். மூன்றாம் தளத்தின் முனையில், சாய்தளம் போய் முடிகிற இடத்தில், கீழே இருந்த சாப்பாட்டுக்கூடத்தைத் தூக்கி வைத்தார். நடைப்பழக்கமெல்லாம் சாய்தளத்துக்கு வந்துவிட்டதால், இரண்டாம் தளத்தில் பாதியை விழுங்கியிருந்த கண்ணாடிப் பயிற்சிக்கூடம் ஒரு சின்ன அறையாகச் சுருங்கியது. தீப்பிடித்தால் கட்டிலோடு ஆளை உருட்டிக்கொண்டு இறங்கும் அளவுக்குச் சாய்தளத்தை அகலமாக்கி, புகை நுழையாதபடி தடுத்துவிட்டால் மூன்று படிக்கட்டுகளில் ஒன்று தேவையில்லை என்று என்ஜினீயர் நண்பர் கண்டுபிடித்தார். தீயணைப்பு அலுவலர் வந்து பார்த்துத் தலையாட்டினார். ஜன்னல்கள் இருபத்தேழு வகையாக இருப்பதை ஆர்க்கிடெக்டே எண்ணிப் பார்த்து, வெட்கப்பட்டு, ஐந்தாக்கினார். கண்ணாடிக் கூரை போயிற்று. அதை அவர் தன் கையாலேயே அழித்தார்.

வெள்ளிக்கிழமை செயலர் கூட்டிப் பார்த்தார். முக்கால் கிணறு தாண்டியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் குறைந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, யார் மனமும் புண்படக்கூடாது என்கிற குரலில் சொன்னார்.

"சார் தன்னோட சுருளையே விட்டுக்கொடுத்துட்டார். நான் இதைச் சொல்றது நியாயமில்ல. ஆனா லிஃப்டுதான் ரெண்டு இருக்கே? இந்தச் சாய்தளத்தை மொத்தமா எடுத்துட்டா கணக்கு நேராயிடும். மிச்சம்கூட வரும்."

ஆர்க்கிடெக்ட் வாயைத் திறப்பதற்குள் கத்திரிக்கோல் எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"வராது சார். லிஃப்ட் ஆளை ஏத்தும். இது ஆளை நடக்க வைக்கும். நீங்க கட்டுறது நடக்க வைக்கிற ஆஸ்பத்திரி. இதை எடுத்தா அதுக்குப் பேரு சிக்கனமில்ல. ஆஸ்பத்திரியவே கட்டாம விடுறது. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாரையாவது கூப்பிட்டுக்குங்க."

ஐந்து நாளாக அந்த அம்மாளோடு வாதாடி வாதாடிச் சலித்திருந்த குழாய்வேலைக்காரர்கூடத் தலையை ஆட்டினார்.

"அப்ப எதைக் குறைக்கிறது?" என்றார் செயலர்.

கத்திரிக்கோல் முகப்பு வரைபடத்துக்குப் போய் அதிலிருந்த சீட்டின்மேல் விரலை வைத்தார். செயலர் சொன்ன அதே 'பெருமை காட்டும்.'

"அது முடியாதும்மா. நன்கொடை குடுத்தவங்க பேரையெல்லாம் அந்தப் பளிங்குலதான் வெட்டித் தர்றதாச் சொல்லியிருக்கேன்."

"வெட்டுங்க சார். ஆனா சாய்தளத்து மேடையில வெட்டுங்க. வெளிச்சுவர்ல இருந்தா பஸ்ல போறவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். மூச்சு வாங்கிட்டு மேடையில நிக்கிறவன் வேற என்ன பண்ணுவான்? எழுத்துக் கூட்டியாவது ஒவ்வொரு பேரையும் படிப்பான். தினம் நாலு தடவை."

செயலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் மூன்றாம் தளம் நிலைத்தது.

சாயங்காலம் வரைபடங்களைச் சுவரிலிருந்து கழற்ற ஆர்க்கிடெக்டும் கை கொடுத்தார். ஐந்து நாளாக நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டுவிட்டார். "உங்களுக்கு வெளியில என்ன பேருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? கத்திரிக்கோல் இல்லாம எந்த டெய்லர் சார் சட்டை தைச்சான்?" பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அடுத்த வாரம் ஏதோ ஒரு பாலத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கட்டடம் எழுந்தது. திறப்புவிழாவுக்கு ஆர்க்கிடெக்ட் போகவில்லை, காய்ச்சல். ஆட்கள் குடிவந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் முற்பகலில் யாரிடமும் சொல்லாமல் போனார். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, கண்ணாடிக் கூரையிலிருந்து விழுந்திருக்கவேண்டிய வெளிச்சத்தை மனம் கொஞ்சம் தேடத்தான் செய்தது. சாய்தளத்தில் மெதுவாக ஏறினார். ஜன்னல் வெளிச்சம் பலகை பலகையாகத் தரையில் கிடந்தது.

முதல் தளத்துக்கு மேலே இருந்த மேடையில் ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவனுக்கு இடப்பக்கம் விழுந்திருந்தது. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனைவி கையில் கூடை.

"எங்கண்ணன் அவ்வளவு தூரத்துலேர்ந்து பஸ் பிடிச்சு வந்தா, முகத்துல அடிச்ச மாதிரியா பேசுவாங்க? உங்களுக்குக் காலு மட்டுந்தான் விழுந்துச்சா, மூளையும் விழுந்துடுச்சா?"

"உங்கண்ணன் யோக்கியதை எனக்குத் தெரியும். நீ பேசாத."

"பேசுவேன்."

"பேசு. நீயே பேசிட்டு இரு. நான் போறேன்."

கணவன் கைப்பிடியைப் பற்றி எழுந்தார். வலக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து வைத்து ஏற ஆரம்பித்தார். உங்கண்ணன் அப்படி, உங்கப்பன் இப்படி என்று அவர் முணுமுணுப்பது சுவர்களுக்கிடையே கேட்டுக்கொண்டே போனது. ஊன்றுகோல் பெஞ்சில் சாய்ந்தபடி நின்றது.

ஆர்க்கிடெக்ட் அதைப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கையை நீட்டினார். மனைவி சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆள் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இன்னொரு கையின் விரல் உதட்டின்மேல் இருந்தது.

"அது இல்லாம பத்தடிகூடப் போனதில்லீங்க" என்றாள், மூச்சு மாதிரி.

மேலே காலடிச் சத்தம் ஒரு நொடி தயங்கியது. அவர் நின்றுவிடப்போகிறார், திரும்பிப் பார்க்கப்போகிறார். மனைவி பதறிப்போய்க் குரலை உயர்த்தினாள்.

"போங்க, போங்க! எங்கண்ணனைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா பாருங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "உங்க தம்பி மட்டும் என்ன ஒழுங்கா? அவன் கதையையும் எடுத்து விடட்டுமா?"

மேலிருந்து ஒரு வசவு வந்தது. கால் மறுபடி இழுபட்டது. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். குரல் ஏற ஏற, கண்ணிலிருந்து வழிந்து மோவாயில் சொட்டிக்கொண்டிருந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஆர்க்கிடெக்டின் மணிக்கட்டை இன்னும் அவள் விடவில்லை. அந்த இழுபடும் சத்தம் அடுத்த மேடையைத் தாண்டி, மடங்கி, மேலே போய்க்கொண்டிருந்தது.